அத்தையால் கெடுக்க முடியாத கட்டை

பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது என் அத்தையின் தொழில். தொழில் இல்லை, வியாதி என்பார் மாமா. எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே, "உங்க காலிங்பெல் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்பாள். பிரிட்ஜின் முனகல் பொறுக்காமல் அதன் காலடியில் அட்டையை மடித்துச் செருகிவிட்டுத்தான் கிளம்புவாள்.

இப்படிப்பட்டவளுக்குப் போய் அந்தச் சோதனை வந்தது. மறைந்த ஜாஸ் பியானோ மேதைகளுக்கு அஞ்சலியாக நகர அரங்கில் ஒரு கச்சேரி. வாசிக்க வந்தவர் பியானோவின் ஒரு கட்டையைத் தொட்டுக் காட்டி, "இத மட்டும் கொஞ்சம் கெடுத்து வைங்கம்மா" என்றார். கடைசியாக அவர் வாசிக்கப்போகும் பாட்டு அந்த மேதைகளில் ஒருவருடையது. அந்த மேதை அதைப் பதிவு செய்த நாளில், பியானோவில் இதே கட்டை சுருதி இறங்கியிருந்ததாம். "சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் கேட்டிருக்கேன். அது இல்லன்னா அது அவர் பாட்டே இல்லம்மா."

விஷயம் தெரிந்ததும் மாமா சிரித்தார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து என் ஒரு தப்பையாவது விட்டிருக்கியா? இத எங்க விடப்போற?"

"நான் தொழில்காரி. நீங்க வாய மூடுங்க."

மத்தியானம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கட்டையைக் கெடுத்தாள்.

கச்சேரி சூட்டில் கம்பிகள் நெகிழும். அதனால் இடைவேளையில், முறுக்கும் சாவியோடு மேடையேறி எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பது அத்தையின் வழக்கம். அன்றும் பார்த்துவிட்டு, முகமெல்லாம் நிம்மதியாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"அடியே, சரி பண்ணிட்டேன்டி."

"எத?"

"அதத்தான்!"

அதற்குள் கடைசிப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அந்தக் கட்டை வந்தது. கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக ஒலித்தது. அவர் விரல் நின்றது. அவர் கட்டையைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டையையும் சேர்த்து ஒரே விரலால் அமுக்கினார். இரண்டு ஸ்வரங்களும் உரசிக்கொண்டன. அதன்பின் அந்த இடம் வரும்போதெல்லாம் அப்படியே செய்தார். அரங்கமே கைதட்டியது, அத்தையைத் தவிர. அவள் காதைப் பொத்தியிருந்தாள்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனோம்.

"மன்னிச்சிடுங்க தம்பி. கை தானா போயிடுச்சு."

"நீங்க சரி பண்ணீங்க, நான் கெடுத்துக்கிட்டேன். அடுத்த கச்சேரிக்கும் நீங்கதாம்மா வரணும்." கையை நீட்டினார். "ஆனா இடைவேளையில அந்தச் சாவி என் பாக்கெட்ல இருக்கும்."

அத்தை தலையாட்டினாள். ஆனால் அவள் கண் அவர் மேல் இல்லை, கிறீச்சிட்டுக்கொண்டிருந்த பின்கதவின் மேல் இருந்தது.