மிதி, பிடி, விடு

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு லேபில் பல்செட் செய்கிற வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்கி, முகம் தெரியாதவர்களையெல்லாம் வாய்விட்டுச் சிரிக்க வைக்கிற ஆள். அவர் சிரிப்பதில் மட்டும் ரொம்பச் சிக்கனம். தெருவில் அவரைக் கார்க்காரர் என்பார்கள். அந்தக் கார் ஓடி அந்தத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

கார் எனக்கு மூத்தது. உருண்டை விளக்கும் உப்பிய முதுகுமாகப் பச்சை நிறத்தில் இருக்கும். யாரோ ஒருவருடைய கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை மாமா இழுத்துக்கொண்டு வந்தார். வந்த அன்று பின்சீட்டுக்குள் ஒரு எலிக் குடும்பம் இருந்தது. எலிகள் போய்விட்டன, கார் தங்கிவிட்டது. அது மாறி நடந்திருந்தால் வீட்டுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் காருக்கு இடம். சுவரில் ஸ்பேனர்கள் அளவுவாரியாகத் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைப் பென்சிலால் வரைந்திருப்பார், ஒன்று காணாமல் போனால் உடனே தெரிய வேண்டுமாம். கழற்றிய திருகு, வாஷர், ஸ்பிரிங் எல்லாம் பல்செட் வைத்துக் கொடுக்கிற குட்டி பிளாஸ்டிக் டப்பாக்களில் இருக்கும். டப்பாவின் மேல் 'மேல் இடது', 'கீழ் வலது' என்று ஒட்டியிருக்கும். அது கதவின் திருகா, கடைவாய்ப் பல்லா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். கதவுக் கைப்பிடிகளைப் பல்லுக்கு மெருகேற்றும் பசையைப் போட்டுத் தேய்த்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

கொட்டகையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. வேறு யாரும் எதையும் தொடக்கூடாது. அக்கா துணிகளை அளவு திருத்தித் தைத்துக் கொடுக்கிறவள். ஒரு முழுச் சட்டையின் தையலை நூல் அறுபடாமல் பிரித்தெடுக்கிற கை அவளுக்கு. அந்தக் கையை அவர் சீட் உறை தைக்கக்கூட விடவில்லை, வெளியில் கொடுத்துத்தான் தைத்தார். "நான் தைச்சா உக்கார விட மாட்டேன்னு சொல்லுமா அந்தக் காரு?" என்று அக்கா கேட்டாள். மாமா சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

காரில் அக்காவுக்குக் கிடைத்த ஒரே பதவி பிரேக் மிதிப்பது. பழைய காருக்குப் பிரேக் வேலை பார்த்த வீடுகளில் எல்லாம் இந்தக் கூத்து நடக்கும். பிரேக் குழாய்க்குள் எண்ணெய் மட்டும்தான் இருக்க வேண்டும். காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னத் திருகைத் திறக்க வேண்டும். எண்ணெயும் காற்றும் குமிழ் குமிழாக வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். மூடுவதற்கு முன்னால் எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். அதனால் கீழே இருப்பவர் கத்திக்கொண்டே இருப்பார். "மிதி!" என்றால் மிதிக்க வேண்டும். "பிடி!" என்றால் அழுத்திய கால் அப்படியே நிற்க வேண்டும். "விடு!" என்றால் எடுக்க வேண்டும். மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது, குரலை நம்பித்தான் கால்.

இன்ஜின் ஓடிவிட்டது, பெயிண்ட் காய்ந்துவிட்டது, விளக்கெல்லாம் எரிகிறது. சாலையில் ஓட்டலாம் என்று சான்று தருகிற சோதனை நிலையத்தில் நாளும் வாங்கியாகிவிட்டது. பிரேக் மட்டும் சரியாகவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்காவும் மாமாவும் மிதித்து, பிடித்து, விட்டு, திரும்ப மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பெடல் பஞ்சாகவே இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மாமா கீழேயிருந்து எழுந்து வந்து சொன்னது ஒன்றுதான்.

"நீ சீக்கிரம் காலை எடுத்துடற."

"நீங்க விடுன்னு சொன்னப்புறம்தானே எடுத்தேன்?"

"சொல்றதுக்கு முன்னாடியே எடுத்துட்ட. உனக்குக் கால் நிக்க மாட்டேங்குது."

இது தெரு முழுக்கக் கேட்டது. பால் வாங்கப் போன இடத்தில் எதிர்வீட்டம்மா, "காலுக்கு என்னம்மா, வலியா?" என்று அக்காவை விசாரித்தாள். எனக்குச் செருப்புக் கடையில் வேலை. நாளெல்லாம் அடுத்தவர் காலைத் தொட்டு அளவெடுத்துப் பிழைக்கிறவன். என் அக்காவின் காலைப் பற்றி என்னிடம் யாரும் கதை விட முடியாது. தையல் மெஷினை அவள் மிதித்து நிறுத்துகிற இடத்தில் ஊசி நிற்கும், அரை நூல்கூடத் தள்ளிப் போகாது. மாமாவிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. அக்கா கண்ணைக் காட்டி அடக்கிவிட்டாள்.

சோதனைக்கு முந்தின வாரம், மாமா வேலைக்குப் போன பிறகு அக்கா போன் செய்தாள். "கடைக்கு லீவு போட்டுட்டு வா. நல்ல ஷூவா போட்டுக்கிட்டு வா" என்றாள். போனேன். கொட்டகையில் கார் ஜாக்கியில் ஏறி நின்றது. அக்கா மாமாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் ஸ்பேனருடன் நின்றாள். சுவரில் பென்சில் உருவம் மட்டும் இருந்தது.

"என்னக்கா இது?"

"ஏறி உக்காரு. நான் சொல்றப்ப மிதி."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியக்கூடாதுன்னுதானே உன்னைக் கூப்பிட்டேன். இதுல என்ன கேள்வி?"

நான் ஏறவில்லை. விஷயம் என்னவென்று சொன்னால்தான் ஏறுவேன் என்று நின்றேன். அக்கா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். மாமாவுக்குக் கை நடுங்குகிறது. சும்மா இருக்கும்போது இல்லை, எதையாவது பிடித்துத் திருப்பும்போதுதான். அவள் மேலே உட்கார்ந்திருக்கும்போது கீழே ஸ்பேனர் திருகில் மோதிக் கடகடவென்று அடிக்கிற சத்தம் கேட்கிறது. திருகு மூடுவதற்குள் ஸ்பேனர் நழுவிவிடுகிறது. மூடிவிட்டோம் என்று நினைத்து அவர் "விடு" என்கிறார். காற்று உள்ளே போகிறது. சில மாதமாகவே காபியைக் கோப்பையில் பாதிதான் ஊற்றிக் கொடுக்கிறாளாம். ஏன் பாதி என்று அவரும் கேட்கவில்லையாம்.

"அவர்கிட்ட நேரா சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிடா சொல்றது? அந்தக் கையாலதான் அவரு பல்லு அடுக்குறாரு. அந்தக் கையாலதான் இந்தக் காரை முழுசா எடுத்து நிறுத்தினாரு. சொன்னா அவரு உடைஞ்சிடுவாரு."

"அப்ப சொல்லாமலே விட்டுடு."

"விட்டா இதே பிரேக்கோட எடுத்துட்டுப் போவேங்கறாரு. ரெண்டு தடவை அழுத்தினா பிடிக்குது, போதுமாம். சோதனை பண்ற இடத்துக்கு எப்படிப் போகணும் தெரியும்ல? நேரா இறக்கம், கீழ போய் முடியறது பெரிய ரோட்டுல."

அதற்கு மேல் கேள்வி கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

பெடலை மிதிப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தவன் நான். பின்னால் இருக்கிற சக்கரத்தில் ஆரம்பித்தாள். "மிதி!" மிதித்தேன். கால் பள்ளத்துக்குள் இறங்குவதுபோல மெல்ல இறங்கியது. "பிடி!" பிடித்தேன். கெண்டைக்கால் இழுத்தது. மூக்கு அரித்தது. மூக்கைச் சொறிந்தேன், கால் கொஞ்சம் மேலே வந்துவிட்டது.

"டேய்! விடுன்னு சொன்னேனா?"

"இல்லக்கா, மூக்கு…"

"மூக்கை வெட்டிடுவேன். திரும்ப முதல்ல இருந்து!"

அப்போது எனக்கு மாமாமேல் கோபம் ஏறியது. நான் ஒரு தடவை காலை எடுத்ததற்கே இந்தப் பாட்டு. இவள் ஒரு தடவையும் எடுக்காமலே வாராவாரம் திட்டு வாங்கியிருக்கிறாள். வாங்கிக்கொண்டு அவருக்கே காபி போட்டும் கொடுத்திருக்கிறாள். பொறுமைக்கும் ஓர் அளவு வேண்டும் என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை, கால் வேலையாக இருந்தது.

நான்கு சக்கரமும் முடிந்தன. குமிழ்கள் குறைந்து குறைந்து, கடைசியில் குழாயில் எண்ணெய் மட்டும் தெளிவாக வந்தது. அக்கா எழுந்து வந்து பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. சிந்திய எண்ணெயைத் துடைத்து, டப்பாக்களை இருந்த இடத்தில் வைத்து, ஸ்பேனரை அதன் பென்சில் உருவத்தின் மேல் மாட்டினாள். நகத்துக்குள் இருந்த கறுப்பை எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

மாலையில் மாமா வந்தார். வழக்கம்போல உடை மாற்றும் முன்னே கொட்டகைக்குள் போனார். நான் கிளம்பாமல் வாசலில் நின்று ஷூவைத் தேடுவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன். கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பெடலை இரண்டு மூன்று தடவை மிதிக்கிற சத்தம். பிறகு வெளியே வந்தார்.

"பார்த்தியா? பெடல் நல்லா நிக்குது" என்றார் அக்காவிடம். "வண்டி சும்மா நின்னதுல காத்து தானா மேல ஏறி வெளிய போயிடுச்சு. நான் செஞ்சது சரிதான். உன் காலாலதான் இத்தனை நாள் லேட்டு."

அக்கா, "அப்படியா? நல்லதாப் போச்சு" என்றாள். நான் ஷூவை மாட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

சோதனை நாளில் அக்கா என்னையும் வரச் சொன்னாள். பின்சீட்டில், எலிகள் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். மாமா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். இறக்கம் வந்தது. பெரிய ரோடு கீழே தெரிந்தது, லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மாமா பிரேக்கை மிதித்தார். கார் வழுக்காமல், சொன்ன இடத்தில் நின்றது. அக்கா மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள், நின்ற பிறகு விட்டாள்.

நிலையத்தில் காரை உருளைகளின் மேல் ஏற்றினார்கள். சக்கரத்தை உருளை சுற்றும், பிரேக் பிடிக்க வேண்டும், எந்தச் சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்று மெஷின் காட்டும். சோதனை செய்கிறவர் பெற்ற பிள்ளையையும் சந்தேகப்பட்டுப் பார்க்கிற முகத்தோடு இருந்தார். கீழே குனிந்தார், டார்ச் அடித்தார், திரும்ப மெஷினைப் பார்த்தார்.

"நாலு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்குது. புது வண்டியே சில சமயம் ஒரு பக்கம் இழுக்கும். எந்த ஒர்க்‌ஷாப்ல செஞ்சீங்க?"

"ஒர்க்‌ஷாப் இல்ல சார். வீட்லயே செஞ்சது" என்றார் மாமா.

"நீங்களேவா?"

மாமா இப்போது ஆமாம் என்று தலையை ஆட்டப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாமா தலையை ஆட்டினார், இல்லை என்று.

"பிரேக் வேலை நான் செய்யல சார். இவங்க செஞ்சாங்க. என் வீட்டுக்காரி."

சோதனைக்காரர் அக்காவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லா செஞ்சிருக்கீங்கம்மா" என்று சொல்லி அடுத்த வண்டிக்குப் போனார். அக்கா அசையவில்லை. காரை வெளியே எடுத்து, சுவர் ஓரமாக நிறுத்திவிட்டு மாமா இன்ஜினை அணைத்தார். மூன்று பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

"எப்ப தெரிஞ்சுது?" என்றாள் அக்கா.

"அன்னைக்கே. பெடல்ல கால் வச்சதுமே. காத்து தானா வெளிய போகாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க?"

மாமா ஸ்டியரிங்கில் இருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "லேப்ல என்னைப் பல்லு அடுக்குற மேஜையிலருந்து எடுத்துட்டாங்க. இப்ப பிளாஸ்டர் மாவு கரைச்சு அச்சு ஊத்திட்டு இருக்கேன். எடுத்து ரொம்ப நாளாச்சு. உன்கிட்ட சொல்லல."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். இது அவளுக்கும் தெரியாது.

"தப்பு உன் கால்லன்னா, என் கை நல்லா இருக்குன்னு ஆகும்ல. அதுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கொஞ்சம் நம்பக்கூட ஆரம்பிச்சிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். பின்சீட்டில் உட்கார்ந்து அவர்மேல் இத்தனை நாளாக வளர்த்த கோபத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அக்கா அழவில்லை. அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அவர் அழுது முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். "இன்னும் கொஞ்ச நாளைக்குக் கூட என் காலையே திட்டச் சொல்லியிருப்பேனே."