ராத்தாவின் ஜன்னலில் காய்ந்த வெயில்

யுத்தம் முடிந்து, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் ஆலங்குடாவுக்கு வரத் தொடங்கிய காலம். என் மூத்த சகோதரி ராத்தா வீட்டோடு சேர்த்து விருந்தினர் அறை ஒன்று கட்டத் தொடங்கினாள். மேற்குச் சுவர் முழுக்க ஜன்னல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து நாங்கள் முகாமில் இருந்த தென்னோலைக் கிடுகுக் குடிசைக்கு ஜன்னலே கிடையாது. அதை அவள் சொல்லவில்லை.

"கடல் தெரியாத அறைக்கு எந்த வெள்ளைக்காரன் வருவான்?" என்றாள்.

அவள் கணவரான மச்சானுக்கோ பின்னேர வெயிலை நினைத்தாலே வியர்த்தது. சுவரை எழுப்பி அடைத்துவிடச் சொன்னார். கட்டடத்துக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்று கணினியில் கட்டிப் பார்ப்பது என் தொழில் என்பதால் வழக்கு என்னிடம் வந்தது.

கணினிக்கு ஊரின் வானிலை வேண்டும், மணிக்கு மணி. ஆலங்குடாவுக்கு அப்படி ஒரு கோப்பு இல்லை. புத்தளம் பக்கம் ஓர் உப்பளத்தில் வெயிலை அளக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து வாங்கி ஓடவிட்டேன். அறை பாண் சுடும் போறணையாகக் கொதித்தது.

ராத்தாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"கம்பியூட்டர் சொன்னாச் சரிதானே புள்ள. மேசன் பாஸிட்டச் சொல்லிக் கல்லு வச்சு அடைக்கிறன்."

அவள் சண்டை பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எதையும் இலேசில் விடாதவள் இப்படி விட்டுக்கொடுத்தது என்னை அரித்தது. கோப்பைத் திறந்து வெயில் எண்களைப் பார்த்தேன். நடுப்பகலில் மூவாயிரத்துக்கும் மேல்! காற்றே இல்லாத உயரத்தில் சூரியனுக்கு நேரே நின்றாலும் சதுர மீற்றருக்கு ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வாட்தான். ஆலங்குடாவுக்கு மட்டும் தனிச் சூரியனா? சிரிப்பு வந்தது. யார், எதற்காக இப்படி எழுதினார்கள் என்று அறியும் ஆவல் அதைவிடப் பெரிதாக வந்தது.

உப்பளத்தில் கருவி பார்ப்பவரை அழைத்தேன்.

"அது கிலோயூல் மிஸ்," என்றார். "ஒரு மணித்தியாலத்துல எவ்வளவு சூடு சேர்ந்திச்சோ, அவ்வளவு தண்ணி வத்தும். எங்களுக்கு அந்தக் கணக்குத்தான் வேணும்."

"மேல அலகு எழுதல்லையே?"

"இங்க எல்லாருக்கும் தெரியும்தானே. உப்புக்காரனிட்ட வெயில் கேட்டு வெளியால இருந்து யார் வாற?"

என் மென்பொருள் அதே எண்களை வாட்-மணி என்று வாசித்திருந்தது. ஒரு வாட்-மணி என்பது மூன்று தசம் ஆறு கிலோயூல். ஆக, ராத்தாவின் ஜன்னலில் மூன்றரைச் சூரியனுக்கு மேல் காய்ந்திருக்கிறது.

எல்லாவற்றையும் வகுத்து மறுபடி ஓடவிட்டேன். மேலே கிடுகுத் தாழ்வாரம் இறக்கி, எதிர்ச்சுவரில் காற்றுக்கு வழி வைத்தால், ஏசி இல்லாமலே இருக்கலாம். ராத்தாவை அழைத்தேன். கல் இடுப்பளவு வந்துவிட்டதாம்.

"வச்சதை எடுக்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

"பாஸ், நிப்பாட்டுங்க!" என்று அவள் என்னைவிடப் பலமாகக் கத்தியது காதில் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த காற்றுக்காலத்தில் நான் போனபோது, மச்சான் இரண்டு வெள்ளைக்காரர்களைப் பின்னறைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். ஜன்னல் அறை என்னாயிற்று என்று கேட்டேன். உள்ளே கண்ணைக் காட்டினார். ராத்தா கட்டிலில் கால் நீட்டி, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளைக்காரருக்கு எண்டுதானே கட்டினீங்க?"

"ஓம், அப்பிடித்தான் சொன்னன்," என்றாள், திரும்பாமலே. "அவங்கட வீட்டுல ஜன்னல் இருக்கும்தானே."