டோல்கேட் தண்ணீர் லாரியும் என் வெள்ளிக்கிழமைக் கவிதைகளும்

எனக்குக் கவிதை எழுத வரும் என்பது முப்பத்தைந்து வயது வரை எனக்கே தெரியாது. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் குமாஸ்தா வேலை. எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எந்தப் பெட்டி வெளியே போனது என்று பதிவேட்டில் எழுதுவதுதான் என் எழுத்துப் பணி. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எங்கள் அலுவலகத்துக்கு இன்டர்நெட் வந்தது. மேலாளர் சாப்பிடப் போன ஒரு மதியம் எதையோ தேடப்போய், தமிழில் கவிதை எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் போய் விழுந்தேன். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அந்தக் குழுவில் பெரிய கவிஞர் என்று யாரும் கிடையாது. ஆனால் உள்ளுக்குள் எல்லோருக்கும் அந்த நினைப்பு உண்டு. குவைத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை பார்த்த நண்பர், சிங்கப்பூரில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், திருநெல்வேலியில் வங்கியில் இருந்த அம்மையார் ஒருவர், இன்னும் பலர். வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கொரு கவிதை அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டே விதிகள். எழுதுவது உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். அதில் அசடு வழிந்தது எழுதியவராகவே இருக்க வேண்டும். இரண்டாவது விதியைப் போட்டவர் வங்கி அம்மையார். அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்க ஊரில் ஆயிரம் இடம் இருக்கிறது, இந்த ஓர் இடமாவது நம்மைப் பார்த்து நாமே சிரிக்க இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். அவரே மூன்று முறை ஓட்டுநர் தேர்வில் தோற்ற கதையை மூன்று வாரம் எழுதி எங்களைச் சிரிக்க வைத்தார்.

அலுவலகக் கணினியில் தமிழ் எழுத்துரு கிடையாது. எங்கள் வீடு டோல்கேட் பக்கத்துத் தெரு ஒன்றில். அங்கேயே இரண்டு பிரவுசிங் சென்டர்கள் இருந்தாலும் தெரிந்த முகங்கள் வரும் என்பதால் கல்மண்டபத்துக்குப் போவேன். அங்கே ஒரு பாய் நடத்திய கடையில் மூலைக் கணினியில் மட்டும் தமிழ் அடிக்க முடியும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடையை மூடிவிட்டு மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார். நான் வேலை முடிந்து ஆறு மணிக்குப் போய் உட்காருவேன்.

"இன்னா கவிஞரே, இன்னிக்கு யார வாரப் போற?" என்பார்.

"என்னியேதான் பாய்."

ஆரம்பத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. வழுக்கை விழுந்ததைப் பற்றி ஒன்று, அலுவலக ஆண்டு விழாவில் மைக் முன்னால் நின்று பேச்சு வராமல் இருமிவிட்டு இறங்கியதைப் பற்றி ஒன்று. இரண்டு மூன்று பேர் சிரிப்புக் குறி போட்டார்கள், அவ்வளவுதான். பிறகு ஒரு வாரம் எழுத ஒன்றும் கிடைக்காமல், எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனதும் என் மனைவி அதைத் துணி அலமாரியாக மாற்றியதைப் பற்றி எழுதினேன். குளிர்பெட்டியில் என் வெள்ளைச் சட்டை, முட்டை வைக்கும் குழிகளில் ஊக்கும் பொத்தானும் என்று போகும் அந்தக் கவிதை. மறுநாள் பார்த்தால் பாராட்டுக் கடிதங்கள் வரிசை கட்டி நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து என் கவிதைகளில் அவள் வந்துகொண்டே இருந்தாள். அவள் கோபம், அவள் மிச்சம் பிடிக்கும் விதம், அவள் பேச்சு. அவள் பேச்சுக்குத்தான் கைதட்டல் அதிகம் என்று தெரிந்ததும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். அவள் சொல்லாத 'இன்னாமே'க்களைச் சொல்ல வைத்தேன். சினிமாவில் எங்கள் வடசென்னைப் பேச்சைக் கேலி செய்தால் டீக்கடையில் நின்று கோபப்படுகிறவன்தான் நான். அதையே நான் செய்தபோது எனக்கு அது உறைக்கவில்லை. அசடு வழிகிறவர் எழுதியவராக இருக்க வேண்டும் என்ற விதிக்கும் சமாதானம் வைத்திருந்தேன். பெண்டாட்டி என்ன அடுத்தவரா?

அவளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் பத்தாவது வரை படித்தவள், வாரப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை வாசிக்கிறவள். ஆனாலும் ஒரு வரியைக்கூட நான் காட்டியதில்லை. குழுவிலோ "என் முதல் வாசகி அவள்தான்" என்று எழுதி வைத்திருந்தேன். எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். அத்தனை பேர் மனைவிமாரும் முதல் வாசகிகள் என்றால் நம்புவது கஷ்டம்தான், ஆனால் நாங்கள் ஒருவரையொருவர் நம்பினோம்.

தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடிய வருடம் வந்தது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே எங்கள் தெருமுனையில் லாரி வந்து நிற்கும். காலையிலேயே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். குடம் நின்றால் ஆள் நின்றதாகக் கணக்கு. ஒருநாள் என் மனைவியின் குடங்களை யாரோ பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். லாரி வந்ததும் அவள் சண்டை பிடித்தாள். அதை நான் கவிதையாக்கினேன்.

"சேலையை இடுப்பில் செருகினாள்,
லாரி டிரைவர் ஹாரனை நிறுத்தினார்.
குடத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள்,
தெரு நாய்கள் ஊரைக் காலி செய்தன.
'மண்டைய ஒடச்சுருவேன்' என்றாள்,
பயந்துபோய்க் குழாயில்
தானாகத் தண்ணீர் வந்தது."

நான் எழுதியதிலேயே அதிகம் பாராட்டப்பட்டது அதுதான். சிங்கப்பூர் நண்பர் அதைப் பிரின்ட் எடுத்துத் தன் பணிமனைச் சுவரில் ஒட்டியிருப்பதாக எழுதினார். வங்கி அம்மையார் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்துக் குவைத் நண்பர் விடுமுறையில் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாக எழுதினார். மனைவியிடம் ஒரு நண்பர் வருகிறார் என்று மட்டும் சொன்னேன்.

"எங்க பழக்கம்?"

"கம்ப்யூட்டர்ல."

"கம்ப்யூட்டர்ல பழகுனவரு சோறு துன்னுவாரா, இல்ல டீ போதுமா?" என்று கேட்டாள்.

பஸ் ஸ்டாப்புக்குப் போய் அவரை அழைத்து வந்தேன். அந்த நூறடி தூரத்தில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். கவிதை பற்றி வாயைத் திறக்காதீர்கள், அவளுக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை. ஆனால் முதல் வாசகி என்று எழுதியவன் எந்த முகத்தோடு அதைச் சொல்வது? கௌரவம் தடுத்தது. பேசாமல் அழைத்து வந்தேன்.

அவர் தஞ்சாவூர்க்காரர், நல்ல மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவியைப் பார்த்து, "இன்னாமே, சோக்கா கீறியா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சினிமாவிலும் என் கவிதையிலும் கற்றுக்கொண்ட பாஷை அது. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு "வாங்க, உக்காருங்க" என்றாள்.

டீ கொடுத்தாள். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த ஃப்ரிட்ஜ் எங்க அண்ணி? சட்டை மடிச்சு வைப்பீங்களே" என்றார். பேச்சை மாற்றப் பார்த்தேன், முடியவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க குரூப்ல நீங்கதான் ஹீரோயின். எனக்கு இது மனப்பாடம்" என்று தண்ணீர் லாரிக் கவிதையை முழுதாகச் சொன்னார். இடுப்பில் செருகுவதுபோல் கையால் காட்டினார். நாய்கள் ஓடுவதைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். தன் கவிதையைத் தானே கேட்டு ஒளிய இடம் தேடிய கவிஞன் அன்று நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் கடைசி வரை கேட்டாள். "நல்லா சொல்றீங்க" என்றாள். இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டாள். அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை வாங்கி உள்ளே வைத்தாள். அவர் கிளம்பும்வரை முகம் மாறவில்லை.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் கவிதய நீ ஒரு வாட்டி சொல்லு."

"வுடு. சொம்மா தமாசுக்கு எழுதனது."

"சொல்லு."

சொன்னேன். குவைத் நண்பர் சொன்ன அளவுக்கு நன்றாக வரவில்லை.

"நான் மண்டைய ஒடப்பேன்னு சொல்லல. ஆனா சண்ட போட்டேன். என் கொடத்த நவுத்துனா போடாம இன்னா பண்றது? அதுல எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல" என்றாள். கீரைத் தண்டு ஒன்றை ஒடித்தாள். "இதுல லாரி கீது, டிரைவர் கீறாரு, நாய்ங்க கீது. நீ எங்க கீற?"

நான் கீழே விழுந்த தண்டைப் பொறுக்கினேன்.

"எதுத்தாப்ல பஸ் ஸ்டாப்ல நீ நின்னுகினு இருந்தத நான் பாத்தேன். கூட ஒங்க ஆபீஸ்காரரு ஒருத்தரு நின்னாரு. நான் ஒன்னப் பாத்தேன், நீ மூஞ்சத் திருப்பிகின."

நடந்தது அதுதான். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரரோடு அன்று அந்த ஸ்டாப்பில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் எல்லோர் குரலையும் விட உயர்ந்து கேட்டது. பக்கத்து மேஜைக்காரர், "யாருபா அது, இந்தப் போடு போடுது?" என்று கேட்டார். "யாரோ" என்றேன். அந்த ஒரு சொல்லை மறைக்கத்தான் அத்தனை வரிகள் எழுதினேன் என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே புரிந்தது. அவமானமாக இருந்தது. நான் முகத்தைத் திருப்பியதைப் பார்த்தும் இத்தனை மாதமாக எனக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்பது அதைவிட அதிகமாக வலித்தது.

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. சமைத்தாள், பேசினாள், ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில். வழக்கமாக என்னைக் கிண்டல் செய்யாமல் அவளால் ஒரு வேளை இருக்க முடியாது. அந்த வாரம் முழுக்க ஒரு கிண்டல் இல்லை. இனி இந்த வீட்டில் நமக்கு அது கிடைக்காமலே போய்விடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கடைக்குப் போகும் முன்பே புதுக் கவிதையைத் தாளில் எழுதி முடித்திருந்தேன். அதில் லாரி இரண்டு வரிதான். மீதியெல்லாம் பஸ் ஸ்டாப்பில் நின்றவன். எதிரில் ஒட்டியிருந்த போஸ்டரை அத்தனை அக்கறையாகப் படித்தவன், "யாரோ" என்று சொல்லிவிட்டு மாலையில் அந்தத் தண்ணீரிலேயே குளித்தவன். உண்மையைச் சொன்னால், எழுதும்போது மனசு லேசாகிவிட்டது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. முதல் முறையாக அனுப்புவதற்கு முன்னால் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

கேட்டுவிட்டுத் தாளை வாங்கி ஒருமுறை பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத்த யார் யாருக்கு அனுப்புவ?"

"எல்லாருக்கும். குவைத்து, சிங்கப்பூரு, திருநெல்வேலி."

"சரி. ஒன் பக்கத்து மேசக்காரரு கைல சொல்லிட்டியா?"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அன்று கல்மண்டபம் போகவில்லை. அடுத்த வெள்ளியும் போகவில்லை. கடல் தாண்டி இருப்பவர்களிடம் என்னை நானே காறித் துப்பிக்கொள்வது எளிதாக இருந்தது. மூன்றடி தள்ளி உட்கார்ந்து என் ஊறுகாயில் பங்கு கேட்கிற மனிதரிடம் ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்து ஆரம்பித்து, கிரிக்கெட்டில் போய் முடித்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு மதியம், அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது சொல்லிவிட்டேன். தண்ணி லாரியாண்ட சண்டை போட்டது என் சம்சாரம், அன்னிக்கு யாரோன்னு சொன்னேன் என்று. அவருக்கு முதலில் என்ன பேசுகிறேன் என்றே பிடிபடவில்லை. யோசித்து நினைவுக்குக் கொண்டுவந்தார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னாபா நீ, அப்பவே சொல்லக் கூடாதா? பஸ்ஸு வர இன்னும் நேரம் இருந்துச்சே. ரெண்டு பேரும் போய் ஆளுக்கு ரெண்டு கொடம் தூக்கி வச்சுட்டு வந்திருக்கலாம்" என்றார். ஊறுகாயை எடுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

அவர் சிரிப்பார், மற்றவர்களிடம் சொல்வார் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இப்படி ஒரு பதில் என் கணக்கில் இல்லை.

மாலை வீட்டுக்குப் போனதும் அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அவளிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"நல்ல மனுசன்" என்றாள்.

என்னைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். சொல்லவில்லை.