பெரியப்பாவின் முட்டியில் பாய்ந்த காசு

பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினான்காம் தேதி காலையில் எங்கள் முதலியார்பேட்டை வீடு முழுக்க ஓடிகோலன் வாசனை தூக்கியடிக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சைகோன் வரை போய்த் திரும்பிய சிப்பாய், ஊர்ப் பேச்சில் "சொல்தா"வான என் பெரியப்பா, கோட்டில் பதக்கம் குத்திக்கொண்டு ஊர்வலத்துக்குக் கிளம்பும் நாள் அது. கிளம்புமுன், கொண்டைக்கடலை அளவு வெள்ளி உருண்டை ஒன்றைப் பஞ்சிலிருந்து எடுத்து, "சண்டையில என் முட்டியில பாஞ்ச குண்டு" என்று தெருப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். விந்தி விந்தி நடந்தும் காட்டுவார். நாங்கள் வாயைப் பிளப்போம். பெரியம்மா மட்டும் காபி ஆறுகிறது என்பார்.

அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறி, பள்ளிக் கண்காட்சிக்கு அதைக் கெஞ்சி வாங்கிப் போனேன். பழைய காசு சேர்க்கும் டிராயிங் மாஸ்டர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "குண்டா? இது சயாம் காசும்மா. அந்தக் காலத்துல வெள்ளியை மடக்கி உருட்டி, மேல முத்திரை குத்துவாங்க. இது சின்னக் காசு, ஃபுவாங்னு பேரு. எட்டு சேர்ந்தாத்தான் ஒரு பாட்" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்! நேரே வீட்டுக்கு ஓடி, பெரியப்பாவைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய் நியாயம் கேட்டேன்.

மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உண்மையைக் கக்கினார். பட்டாளத்தில் அவர் சமையல்காரராம். சூப்பு அண்டாவோடு படியில் உருண்டதுதான் அந்த வீரக் காயமாம். காசு சைகோன் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கியதாம். "உன் பெரியம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. குண்டடிபட்ட சொல்தான்னு நம்பித்தான் என்னைக் கட்டிக்கிட்டா. தெரிஞ்சா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று கண்கலங்கினார். எனக்கு ஐயோ பாவம் என்றாகிவிட்டது. ஓட்டைவாய் என்று பேரெடுத்த நான், அவர் கண்ணை மூடும் வரை மூச்சு விடவில்லை.

இப்போது ஊர்வலத்தில் அந்தக் காலத்துச் சொல்தாக்கள் யாரும் இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊரில். போன மாதம் பெரியம்மாவைப் பார்க்கப் போனபோது, ஊசி போட வந்த நர்ஸ் பெண்ணிடம் அந்த உருண்டையை நீட்டி, "எங்க வூட்டுக்காரரு முட்டியிலேர்ந்து எடுத்த குண்டு" என்று அளந்துகொண்டிருந்தார். நர்ஸ் போனதும், பொறுக்கமாட்டாமல் உண்மையைப் போட்டு உடைத்தேன். பெரியம்மா அசரவே இல்லை.

"கல்யாணத்துக்கு மறுநாளே தெரியும்டி. வெள்ளியில எவனாவது குண்டு செய்வானா? முட்டியில ஒரு தழும்புகூட கிடையாது" என்றவர், உருண்டையைப் பஞ்சில் சுற்றினார். "அதைச் சொல்றதுல அந்த மனுசனுக்கு அவ்ளோ சந்தோசம். இப்ப அவரு இல்ல, நான்தானே சொல்லணும்?"