சோற்றோடு குடிக்கிற போத்தல்

எண்பதுகளின் கடைசி. லண்டன் கிங்ஸ்பரியில் எனக்கும் என் மனுசனுக்கும் ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு, ஒரு மேசை, ஒரு கதிரை. அவருக்கு ஒரு மதுக்கடையில் பகல் வேலை. நான் பின்னேரங்களில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவேன். ஞாயிறு மட்டும்தான் இருவரும் வீட்டில். அன்றைக்கும் அவர் முதலில் சாப்பிடுவார், நான் பரிமாறுவேன். பிறகு ஆறிப்போன சோற்றை அடுப்போடு நின்றே தின்பேன். ஊரில் அதுதான் முறை. அந்த முறையும் எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது, டிக்கெட் இல்லாமல்! ஒருநாளாவது இந்த மனுசனோடு சேர்ந்து இருந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை. வாய்விட்டுக் கேட்க மாட்டேன். ரோசம்.

ஒரு மாரிக்கால ஞாயிறு, லேபிள் கிழிந்ததென்று முதலாளி கொடுத்த சிவப்பு வைன் போத்தலொன்றைத் திறந்தார். தென் பிரான்ஸில் கோர்பியேர் என்ற இடத்தினது. சாராயம் குடிக்கிற முறையிலேயே அதையும் குடித்தார்: கோலாவும் ஐஸும் கலந்து, மிக்சரைக் கொறித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு முதல்.

“சீ, காடி மாதிரிப் புளிச்சுக் கிடக்கு!”

நான் போத்தலைத் திருப்பி, பின்பக்கம் மிஞ்சியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். வெயில் காயும் மலைச்சரிவுத் திராட்சையாம். சுட்ட ஆட்டிறைச்சி, அவரை விதை போட்ட இறைச்சிக் குழம்பு, கத்தரிக்காய் எல்லாவற்றுக்கும் பொருந்துமாம்.

“இஞ்சாருங்கோ, இது சாப்பாட்டோட குடிக்கிறதாம்.”

“சோத்தோடயோ? ஆருக்கு விசர்?”

எங்கள் ஆண்கள் குடித்து முடித்த பிறகுதான் சோற்றுக் கோப்பையில் கைவைப்பார்கள். ஆனாலும் அடுத்த ஞாயிறு இன்னொரு போத்தலோடு வந்து நின்றார். நான் வழக்கமான உறைப்போடு ஆட்டிறைச்சிப் பிரட்டல் வைத்தேன். ஒரு வாய் இறைச்சி, ஒரு மிடறு வைன். மனுசனுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது.

“ஐயோ, நெருப்பெல்லோ!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போத்தலில் மிச்சத்தை மூடி வைத்து, மறு ஞாயிறு மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்தேன். பெருஞ்சீரகமும் மிளகும் தூக்கலாக. கத்தரிக்காயைச் சுட்டுத் தக்காளியோடு வதக்கினேன். பொருந்துகிறதா என்று சமைத்தவளுக்குத் தெரிய வேண்டாமா? அவர் கிளாசை நீட்டினார்.

“ஒருக்கா வாயில வைச்சுப் பாரும்.”

“அம்மா அறிஞ்சால் என்னைக் கொன்றுபோடுவா.”

“அம்மா யாழ்ப்பாணத்திலயெல்லோ.”

குடித்தேன். பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல நாக்கு இறுகியது. அவருடைய கோப்பையிலிருந்தே ஒரு துண்டு இறைச்சி எடுத்துத் தின்று, மறுபடியும் ஒரு மிடறு. அந்த இறுக்கம் இளகிப் பெருஞ்சீரக வாசத்தோடு கலந்தது. யன்னலுக்கு வெளியே சாம்பல் வானம். மேசைத் துணியில் கிளாசின் சிவப்பு ஆடிக்கொண்டிருந்தது. நான் கண்டேயிராத ஒரு மலையின் வெயில் என் பிடரியில் விழுந்தது. காய்ந்த செடிகளின் மணம்கூட வந்தது. கண்ணை மூடினால் எங்கோ மிதந்து போய்விடுவேன் போலிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது.

கதிரை தரையில் உராயும் சத்தம் கேட்டது. அவர் எழும்பிவிட்டார். கோப்பையில் கைவைத்ததற்குக் கோபமாக்கும் என்று நினைத்தேன். அவர் சுவர்த் தட்டிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்து, ஆவி பறக்கும் சோறு போட்டு, பிரட்டலும் கத்தரிக்காயும் வைத்துக் கதிரைக்கு முன்னால் வைத்தார். தனக்குக் கட்டிலுக்கடியில் கிடந்த சூட்கேசை இழுத்துப் போட்டார்.

“இரும். ஆறப்போகுது.”

கதிரையில் இருந்தேன். கலியாணம் கட்டின பிறகு நான் சுடச்சுடச் சாப்பிட்ட முதல் சோறு அது.