நாக்கில் ஏறிய கசப்பு

விருதுநகர் வீட்டில் பொன்னுத்தங்கம் தனியாகத்தான் இருந்தாள். கணவர் தவறிவிட்டார். மகள் ஸ்ரீமதி ஜெர்மனியில் உணவு ஆராய்ச்சியில் இருந்தாள். இதயத்துக்கு நல்லதென்று மகள் கொடுத்தனுப்பிய பைன் கொட்டைகளைத் தின்ற இரண்டாம் நாள், எதை வாயில் வைத்தாலும் கசந்தது. சமையல் கெட்டதா, நாக்கு கெட்டதா என்று கேட்க வீட்டில் ஆளில்லை. ரசத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளிடம் போனாள்.

“கசப்பா? நல்லாத்தானக்கா வச்சிருக்கீக!” என்றாள் கருப்பம்மாள்.

விஷயத்தைக் கேட்டு ஸ்ரீமதி போனில் சிரித்தாள். “சிலருக்கு அந்தக் கொட்டை அப்படித்தாம்மா பண்ணும். ஏன்னு ஆராய்ச்சி நடக்குது. தானாச் சரியாயிரும்.”

சரியாகத்தான் போனது. ஒரு மத்தியானம் புளிக்குழம்பு பழைய ருசியில் இறங்கியது. மகளிடம் சொல்லப் போனை எடுத்தாள். அங்கே வேலைக்குக் கிளம்பும் நேரம் என்று வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.