பலகை மேலிருந்த பம்ப்

ஆவடி ஸ்டேஷன் பக்கத்துக் கார் ஸ்டாண்டில் துலுக்கானத்தின் பழைய அம்பாசடரைத் தெரியாதவர்கள் கிடையாது. குவார்ட்டர்ஸில் யாருக்கு நெஞ்சுவலி வந்தாலும் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். வயல்வேலைக்குப் போன குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவர். அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது. ரிப்பேரையும் அவரே பார்ப்பார், இன்னொருவனைக் கைவைக்க விடமாட்டார்.

தொண்ணூற்றொன்றில் நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் காரின் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. குனிந்து பார்த்தால் பம்ப்புக்கு அடியில் சின்னதாக ஒரு ஓட்டை. அங்கிருந்துதான் சொட்டிக்கொண்டிருந்தது. வேப்பங்குச்சியைச் சீவி, சவுக்காரம் தடவி, அதில் அடித்து இறுக்கினார். சொட்டு நின்றுவிட்டது. மனுஷன் இதை ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

மகள் கஸ்தூரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கடையில் ஒரு புதுப் பம்ப்புக்கும் சொல்லிவைத்தார். வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம். அதற்குள் ஸ்பானர்களைக் கழுவிப் பலகையில் அடுக்கியாகிவிட்டது. புதுப் பம்ப்பும் அவற்றோடு ஏறிச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டது.

பூஜையன்று காலையிலேயே மகளின் முகம் சரியில்லை என்று மனைவி புஷ்பா கண்டுகொண்டாள். "பொண்ணு ஒரு மாதிரியா கீறா. அந்தப் பம்ப்ப இப்பவே மாட்டிடுய்யா" என்றாள்.

"பூஜைல வச்ச சாமான இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளிக்குப் பாத்துக்கலாம்."

மற்ற நாளில் கோயில் பக்கமே போகாதவர், இந்த ஒன்றில் மட்டும் அப்படி ஒரு வீம்பு. காருக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினார். மத்தியானம் கஸ்தூரிக்கு வலி எடுத்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அம்பத்தூர் எஸ்டேட் தாண்டும் முன்பே பானெட்டுக்குள் கர்ரென்று ஒரு சத்தம். பம்ப் இறுகி உடைந்து, அதில் மாட்டியிருந்த ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. கம்பெனிகள் பூஜை முடித்துப் பூட்டிக் கிடந்தன. ரோட்டில் உடைந்த பூசணித் துண்டுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. பின் சீட்டில் மகள் அலறிக்கொண்டிருக்க, துலுக்கானம் நடுரோட்டில் நின்று வெறுங்கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து ஒரு பால் வேன் நின்றது.

கஸ்தூரி பிழைத்தாள். ஆண் குழந்தை. அது பிழைக்கவில்லை.

பழைய பம்ப்பைக் கழற்றியபோது குச்சி இறுகினபடியே இருந்தது. உதிரிபாகக் கடை தேவராஜ் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அது கசிவுத் தண்ணீர் வெளியே விழுவதற்காகவே வைத்த ஓட்டையாம். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் அதைத் தின்று, சுழலவிடாமல் பம்ப்பை இறுக்கிவிடுமாம். யாரும் கேட்காமலேயே துலுக்கானம் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். புஷ்பா திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கஸ்தூரி மறுபடி உண்டானாள். அழைத்துவர முகப்பேரில் அவள் புருஷன் வீட்டுக்குக் காரோடு போனார். பம்ப் புதுசு, ரேடியேட்டர் புதுசு, ஒரு சொட்டு ஒழுகாது என்று கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்து பிடித்தார்.

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. "உம்மேல கோவம் இல்ல நைனா. நான் பஸ்ல வந்துடறேன்."

பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஆவடி வரைக்கும் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலிக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்.